மோட்டார் சைக்கிளின் கூக்குரல்

பொருள் உள்ள இடத்தில் காவல் உண்டு. காவல் உள்ள இடத்தில் பெரும்பாலும் ஓசையும் உண்டு. தினைப்புனம் காத்த பண்டை மகளிர் தழல், தட்டை முதலிய கருவிகளால் ஓசை எழுப்பிக் கிளி கடிந்தனர். வயல் காத்தவன் தகரத்தைத் தட்டினான். வீடு காத்த நாய் குரைத்தது. நேற்றுவரை நம் தெருக்களில் இரவுதோறும் கோலைத் தரையில் ஊன்றி, ஊதலை ஊதிச் சென்ற கூர்க்காக் காவலரும் ஓசையாலேயே தம் வரவை உணர்த்தினர். இவ்வரிசையிலே இறுதியாக வந்து சேர்ந்தது ஒன்று உண்டு. அதற்குக் கண் இல்லை, காலும் இல்லை, ஊதியமும் வேண்டாம். காக்கப்படும் பொருளின் வயிற்றுள்ளேயே குடியிருந்து, எவரேனும் தொட்டால் ஊரெல்லாம் கேட்கக் கூவும். மோட்டார் சைக்கிளில் பொருத்தப்படும் அலாரம் என்னும் கருவியையே யாம் குறிக்கின்றோம்.

இதனைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. இக்கருவியை வைவோரையும் யாம் அறிவோம். இதனை நம்பி வாழ்வோரையும் யாம் அறிவோம். இருதிறத்தாரும் மெய்யே பேசுகின்றனர். இரு மெய்கள் தம்முள் மாறுபடுங்கால் அவற்றை ஒருங்கு வைத்து ஆராய்தல் மாணவர்க்குரிய கடமை என்று கருதியே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் வைவோர் பக்கம் நின்று பேசுவோம். ஏனெனில் யாமும் அவர்களுள் ஒருவரே. எம் விடுதியின் பின்புறத்தே தகரம் வேய்ந்த வண்டிக் கொட்டகை ஒன்று உண்டு. இரவில் அதில் நாற்பது வண்டிகள் வரை நிற்கும். அவற்றுள் பன்னிரண்டு, வாய் படைத்தவை. கொட்டகையை அடுத்துத் தென்னைகள் சில நிற்கின்றன. ஒரு மட்டை தகரத்தின்மேல் விழுமாயின் போதும். ஒரு வண்டி தொடங்கும். பூனையொன்று இருக்கையின்மேல் ஏறிப் படுக்குமாயின் மற்றொன்று தொடங்கும். இடி இடித்தால் எல்லாம் தொடங்கும். தீபாவளிக்கு முந்திய இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. அவ்வொலியும் ஒரு தன்மைத்து அன்று. மருத்துவ ஊர்தி போல் ஒருகால், போலீஸ் வண்டி போல் ஒருகால், இன்னதென்று சொல்லவியலாத பறவை போல் ஒருகால் என ஆறு வகை மெட்டுக்களில் மாறிமாறிக் கூவி ஓயும். உடையவரோ மூன்றாம் மாடியில் நற்றுயில் கொண்டிருப்பர். அவர்தம் ரிமோட் அவ்வளவு தொலைவு எட்டாது. அவர் எழுந்து, சட்டை மாட்டி, படியிறங்கி வருவதற்குள் வண்டி தானே ஓய்ந்துவிடும். அவர் மீண்டும் படியேறிப் போர்வையை இழுத்தவுடன் மறுபடியும் தொடங்கும்.

தேர்வுக் காலத்தில் ஓரிரவு, தொல்காப்பியச் சொல்லதிகாரத்து இடையியலைச் சேனாவரையர் உரையுடன் படித்துக்கொண்டிருந்தோம். பொருள் தராது இசை நிறைத்தற்கும் அசைநிலையாய் நிற்றற்கும் வரும் சொற்களைப் பற்றிய பகுதி அது. அப்பொழுது கொட்டகையில் ஒரு வண்டி கூவிற்று. எம் அறையில் மூவர் இருந்தனர். ஒருவரும் தலை நிமிரவில்லை. "இதுவும் அசைநிலை" என்றார் ஒரு தோழர். யாவரும் நகைத்தோம். நகைத்தபின் யாம் சிந்தித்தோம். அபாயம் என்னும் பொருளை உணர்த்தவே பிறந்த ஒலி, பொருளற்ற அசைச்சொல்லாகத் தேய்ந்து போனது எங்ஙனம்? இலக்கணம் பயில்வார்க்கு இது விளையாட்டு வினா அன்று.

விடை காண வேண்டுமாயின் அக்கருவியின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். இருக்கையின் அடியில் இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கியது போன்ற கரிய பெட்டியொன்று கிடக்கும். அதனுள் அதிர்வை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. எளிய வகையில் அது ஒரு மெல்லிய சுருள்வில். அசைவு நேர்ந்தால் தன் நடுவில் நிற்கும் கம்பியைத் தீண்டி மின்னோட்டத்தை இணைக்கும். மற்றொரு வகையில் அது ஒரு சிறு படிகத் தகடு. குவார்ட்சு முதலிய சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பிரான்சு நாட்டுச் சகோதரராகிய ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே அதன் மறுதலையும் மெய்ப்பிக்கப்பட்டது. மின்சாரம் செலுத்தினால் படிகம் அசையும் என்பதே அது. இக்காலத்துச் சிறு ஒலிப்பான்கள் பல இம்மறுதலையாலேயே ஒலிக்கின்றன. ஆகவே, தொடுதலை உணர்வதும் தொட்டவுடன் கூவுவதும் ஒரே தத்துவத்தின் இரு முகங்களாக அமைதல் கூடும். புதிய கருவிகளில் வண்டி எவ்வளவு சாய்ந்தது, எத்திசையில் நகர்ந்தது என்பதை அளக்கும் நுண்சில்லுகளும் உள்ளன.

சைரன் என்னும் பெயர் இவற்றினும் பழையது. 1819-இல் காஞியார் தெ லா தூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தாம் அமைத்த ஒலிக்கருவி நீருள்ளும் ஒலித்தமை கண்டு, கடலில் இருந்து பாடி மாலுமிகளை மயக்கிய கிரேக்கக் கதை மகளிரின் பெயரை அதற்கு இட்டார். மயக்கி அழைத்த குரலின் பெயர் அஞ்சி ஓடச் செய்யும் குரலுக்கு ஆயிற்று! மின்சாரத்தால் இயங்கும் கள்வர் அலாரத்திற்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பார் 1853-இல் உரிமை பெற்றார். அது கதவையும் சன்னலையும் காத்தது. கதவு தானே திறவாது. பிறர் திறந்தாலே திறக்கும். ஆதலின் அம்மணி ஒலித்தால் அதற்குப் பொருள் இருந்தது. மோட்டார் சைக்கிளோ வெட்டவெளியில் நிற்பது. காற்றும் மழையும் காக்கையும் சிறுவரும் அதனைத் தீண்டுவர். வீட்டுக் கதவுக்கு ஏற்ற அறிவைத் தெருவில் நிற்கும் வண்டிக்கு அளித்தமையே பிழைகளுக்கெல்லாம் வேராயிற்று.

இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து காண்போம். எம் கொட்டகையில் உள்ள 12 அலாரங்களுள் ஒவ்வொன்றும் 4 நாட்களுக்கு ஒருமுறை காரணமின்றிக் கூவுவதாகக் கொள்வோம். இரவொன்றுக்கு 3 கூவல், ஓராண்டில் 1,095. மெய்யான கள்வன் ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகக் கொண்டால், 1,096 கூவல்களில் ஒன்றே மெய். இந்நிலையில், கூவல் கேட்டும் எழாது புரண்டு படுப்பவனைச் சோம்பேறி என்று வைதல் தகுமோ? அவன் தன் அனுபவத்தின்படி சரியாகவே தீர்மானிக்கின்றான். தொல்லை என்னவெனின், அந்த ஓரிரவிலும் அவன் அவ்வாறே தீர்மானிப்பான்.

"புலி வருகிறது" என்று பலகால் பொய் கூவிய சிறுவனின் கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டுள்ளோம். ஆயினும் அச்சிறுவனுக்கும் இவ்வண்டிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சிறுவன் வேண்டுமென்றே பொய் உரைத்தான். வண்டி பொய் உரைப்பதே இல்லை. "என்னை ஏதோ ஒன்று அசைத்தது" என்னும் மெய்யையே அது எப்பொழுதும் உரைக்கின்றது. "கள்வன் வந்தான்" என்று அதற்குப் பொருள் கொள்வது நாமே. அசைத்தது பூனையென்று அறிந்த பின்னர் வண்டியை வைகின்றோம். சொல்லின் எல்லையை உணராது பொருள் கொண்டவர் குற்றத்தைச் சொல்லின்மேல் ஏற்றுதல் முறையன்று.

இத்தகைய சலிப்பு வண்டிக் கொட்டகையோடு நின்றுவிடுவதும் அன்று. மருத்துவமனைகளில் நோயாளியின் படுக்கையருகே நாடித்துடிப்பையும் மூச்சையும் அளக்கும் கருவிகள் ஓயாது ஒலிக்கின்றன. அவற்றுட் பல ஒலிகள் செயல் வேண்டாதவை. கேட்டுக் கேட்டுச் செவி மரத்துப்போவதை மருத்துவர் ஒரு நோய்போலவே கருதி ஆராய்கின்றனர். அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தை ஆய்ந்து சான்றளிக்கும் கூட்டு ஆணையம் 2013-இல் இதுபற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 சனவரி முதல் 2012 சூன் வரை அலாரம் தொடர்பான 98 நிகழ்ச்சிகள் தம்மிடம் அறிவிக்கப்பட்டன என்றும், அவற்றுள் 80-இல் நோயாளி இறந்தார் என்றும் அது கூறிற்று. தென்னை மட்டைக்குக் கூவும் வண்டியை எண்ணி நகைத்த நாம் இவ்விடத்தில் நகைக்க இயலாது. கவனம் என்பது மனிதரிடத்தில் அளவோடு உள்ள செல்வம். அதனைப் பொய்க்குச் செலவிட்டவன் மெய்க்கு வறியனாவான்.

இனி, உடையவர்க்கே இக்கருவியால் விளையும் இடர்களும் சில உள. வண்டி உறங்கும்பொழுதும் இக்காவலாளி விழித்திருக்க வேண்டுமாதலின், இடையறாது சிறிது மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். சிறு வண்டிகள் பலவற்றின் பாட்டரி 12 வோல்ட்டும் 4 அல்லது 5 ஆம்பியர்-மணியும் கொண்டது. அலாரம் 10 மில்லி ஆம்பியர் உண்ணுமாயின் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி, 5 ஆம்பியர்-மணிப் பாட்டரி மூன்று வாரத்திற்குள் வறண்டுவிடும். கோடை விடுமுறைக்கு வண்டியை விடுதியிலேயே விட்டுச் சென்ற தோழர்கள் சூன் மாதத்தில் திரும்பிவந்து, ஒரு சொல்லும் பேசாத வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிச் செல்லும் காட்சியை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். இதனைச் சேர்ப்பதற்காக நடுவே அறுத்துச் சுற்றிய ஒயர்களில் ஐப்பசி கார்த்திகை மழைநீர் புகுந்தால், அலாரம் தன்னைத் தானே தொட்டுக்கொண்டு அலறும். காற்சட்டைப் பையில் திறவுகோலோடு நெருக்குண்ட ரிமோட், வகுப்பறையின் அமைதிக்கு நடுவே வண்டியைப் பேசவைப்பதும் உண்டு.

அண்டை வாழ்வோர்க்குள்ள துன்பமோ இதனினும் பெரிது. விற்பனைப் பெட்டியின் மேலட்டையில் 120 டெசிபெல் என்று பெருமையோடு அச்சிட்டிருப்பதைக் காணலாம். அஃது ஒரு மீட்டர் தொலைவில் அளந்தது என்று கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். அக்கணக்கின்படி 32 மீட்டருக்கு அப்பால், அதாவது எதிர்வரிசையில் நாலைந்து வீடு தள்ளியும், 90 டெசிபெல் எஞ்சும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்றும், மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதிப் பகுதிகளில் 40 டெசிபெல் என்றும் வரையறுத்துள்ளன. அன்றியும், மனிதச் செவி மிகவும் கூர்மையாக உணரும் ஒலி நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரை உள்ளது. சிறு சைரன்களும் அவ்வெல்லைக்குள்ளேயே கூவுமாறு அமைக்கப்பெறுகின்றன. எனவே இஃது உறக்கத்தைத் தப்பாது குத்தும் ஊசியாகும்.

இவ்வளவும் கூறியபின், இதனை விலக்கிவிடுதல் நன்று என்று நேயர்கள் முடிவு கட்டுதல் கூடும். அம்முடிவுக்கு வருமுன் எம் ஊர்த் தெருவில் வாழும் ஒருவரை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றோம்.

எம் ஊர் பாளையங்கோட்டை. எம் தெருவில் மீன் விற்கும் அண்ணாச்சி ஒருவர் உள்ளார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, வண்டியின் பின்னே ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குச் சென்று, ஏழு மணிக்கெல்லாம் சாளையும் ஊளியுமாகத் திரும்புவார். வண்டியே அவருக்கு வலையும் தோணியும் ஆம். மூன்று ஆண்டுத் தவணையில் அவர் வாங்கிய முதல் வண்டியைப் பட்டப்பகலில், ஒரு சந்தையின் வாயிலில் எவரோ கொண்டுபோயினர். ஹாண்டில் பூட்டை ஓர் உதையில் முறித்து, ஒயரைப் பிடுங்கி இணைத்து, வண்டியைக் கிளப்ப ஒரு நிமிடம் போதும் என்பர். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள காப்புறுதி மூன்றாம் தரப்பார்க்கு நேரும் தீங்குக்கே ஈடு தருவது. வண்டி களவு போனால் உடையவனுக்கு ஒரு காசும் தாராது. களவுக்கு ஈடு தரும் பகுதியை அவர் முதலாண்டோடு நிறுத்தியிருந்தார். வண்டி போயிற்று, தவணை போகவில்லை. இல்லாத வண்டிக்கு ஒன்பது மாதம் அவர் பணம் கட்டினார். அம்மாதங்களில் பிறர் வண்டியை வாடகைக்குப் பெற்று மீன் கொணர்ந்தார். மூத்த பெண் பள்ளிக்குச் செல்லும் வேன் நின்றது. அவள் நடந்து சென்றாள்.

அதன்பின் வாங்கிய இரண்டாம் வண்டியில் அவர் முதற்செலவாகப் பொருத்தியது அலாரமே. அது சிறிது அசைந்தாலும் கூவும்படி மிகக் கூர்மையாகத் திருகி வைத்திருந்தார். சூடுபட்டவர் அவர், அவரை யார் குறை கூறுவார்?

ஆனால் எதிர்வீட்டில் மூச்சிரைப்பு நோயால் வருந்தும் ஆச்சி ஒருவர் உள்ளார். இரவெல்லாம் நாற்காலியில் சாய்ந்தே அமர்ந்திருப்பவர். நள்ளிரவுக்குப் பின்னர் ஓரிரு மணி நேரமே கண்ணயர்வார். தெருநாய்களோ எஞ்சினின் சூட்டை நாடி அண்ணாச்சியின் வண்டிக்கடியில் வந்து படுக்கும். வாலை அசைத்தாலும் அலாரம் அலறும். ஒரு வாரத்தில் ஐந்து இரவு இவ்வாறு நிகழ்ந்தபின் தெரு கூடிவிட்டது. ஒருவர், "அதைக் கழற்றி எறியும்" என்றார். அண்ணாச்சி சினந்து பேசவில்லை. "ஆச்சி, போன வண்டிக்கு ஒம்பது மாசம் சும்மாத் தவணை கட்டினேன். இதுவும் போச்சுன்னா பிள்ளைகள எப்படிப் படிக்க வைப்பேன்?" என்று மட்டும் கேட்டார். தெரு அமைதியாயிற்று. ஓர் ஏழையின் பிழைப்பும் ஒரு நோயாளியின் உறக்கமும் எதிரெதிரே நின்றன. இவற்றுள் எது பெரிது என்று தீர்ப்புக் கூற அங்கே எவரும் முன்வரவில்லை.

ஆச்சியே முதலில் பேசினார். "எய்யா, எனக்கு உறக்கம் வராட்டாலும் போவுது. சும்மாக் கத்துததுக்கெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டு இருப்பனா? நெசத்துக்குக் கத்தட்டும், நான் பாக்கேன்" என்றார். கவனத்தின் இலக்கணத்தை இத்துணைச் சுருக்கமாக உரைத்தாரை யாம் எந்நூலிலும் கண்டிலேம்.

அவ்வுரையையே சட்டமாகக் கொண்டு காரியம் நடந்தது. மெக்கானிக்காகிய எம் சித்தப்பா அலாரத்தின் கூர்மையைக் குறைத்தார். அதற்கு இரு படிகள் இருந்தன: சிறிய அசைவுக்கு 'கீச்' என்று இருமுறை மட்டும் ஒலிக்கும், வண்டியைச் சாய்த்தாலோ பலமாக இழுத்தாலோ மட்டுமே முழுக்குரல் எடுக்கும். பின்னர், சுவரில் இரும்பு வளையம் ஒன்றைப் பதித்து, பின்சக்கரத்தின் ஊடே தடித்த செயினைச் செலுத்தி வளையத்தோடு பிணைத்துப் பூட்டினார். அண்ணாச்சியும் ஓர் ஒழுங்கை மேற்கொண்டார். எப்பொழுது கூவினாலும் உடனே வெளியே வந்து, "ஒண்ணுமில்ல ஆச்சி, நாய்தான்" என்று எதிர்வீட்டை நோக்கிச் சொல்லிவிட்டே உள்ளே செல்வார். இரண்டு திங்களில் தெரு அவ்வொலியை ஏறக்குறைய மறந்துவிட்டது.

ஐப்பசியில் மழை கொட்டிய ஓரிரவு, இரண்டு மணிக்கு மேல், அது முழுக்குரலில் கூவிற்று. அண்ணாச்சி காய்ச்சலுக்கு மருந்து உண்டு உறங்கியதால் உடனே எழவில்லை. "நாய்தான்" என்னும் குரல் வரக் காணாத ஆச்சி சன்னலைத் திறந்தார். இருவர் வண்டியருகே குனிந்து செயினை அறுத்துக்கொண்டிருந்தனர். மூச்சிரைக்கும் அம்மூதாட்டி எவ்வாறு அத்துணைக் குரல் எடுத்தார் என்பது தெருவுக்கு இன்றும் வியப்பே. விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்தன, இருவரும் மழையில் ஓடி மறைந்தனர். செயினின் கண்ணியொன்று பாதி அறுபட்டிருந்தது. அண்ணாச்சி அன்று ஒரு மணி நேரம் தாமதமாகத் தூத்துக்குடி சென்றார். சென்றார் என்பதே செய்தி.

கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் வாயிலாக இளங்கோவடிகள் கூறுகின்றார். மந்திரமும் மருந்தும் இன்று வழக்கொழிந்தன; இடமும் காலமும் கருவியும் மட்டும் ஒழியவில்லை. இருளும் மறைவும் உள்ள இடம், ஒரு நிமிடக் காலம், ஒரு வெட்டுக் கருவி: இவை மூன்றும் இயைந்தாலே வண்டி போகும். செயின், கருவியை எதிர்த்து நின்று ஒரு நிமிடத்தைப் பத்து நிமிடமாக நீட்டிற்று. அலாரம், இடத்தின் மறைவைக் கெடுத்தது. ஆனால் ஒலியைப் பொருளாக்கியது சன்னலைத் திறந்த ஒரு கை. அது திறவாதிருந்தால் மற்றை இரண்டும் வீணாயிருக்கும். அக்காதையிலேயே மற்றொரு பாடமும் உண்டு. ஒருவன் எழுப்பிய "கள்வன்" என்னும் கூக்குரலை ஆராயாது நம்பியமையாலன்றோ பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான்! கூக்குரலைக் கேளாதிருத்தலும் பிழை. கேட்டவுடன் ஆராயாது நம்புதலும் பிழை. எழுந்து சென்று கண்ணால் காண்பதே நடுநிலை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் ஊர்காப்பாளர் மழை பொழியும் நள்ளிரவிலும் துயிலாது திரிந்தவர்; கள்வர் இயல்பை நூல்வழி ஆராய்ந்து அறிந்தவர். அவருடைய இடத்தை ஒரு கரிய பெட்டி முழுதும் நிரப்பிவிடும் என்று எண்ணியதே நாம் கொண்ட மயக்கம்.

இக்கருவியால் வேறு நன்மைகளும் உள்ளமையை மறைத்தல் நேர்மையன்று. விடுதிகளில் வண்டியைக் காட்டிலும் மிகுதியாகக் களவு போவது பெட்ரோல். குழாயைப் பிடுங்கிப் புட்டியில் பிடிப்போர்க்கு இரண்டு கீச்சொலிகளே போதிய அச்சம் தருகின்றன. புகைவண்டி நிலைய ஸ்டாண்டில், ஒரே நிறமும் ஒரே அச்சுமாகிய நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு நடுவே, ரிமோட்டை அழுத்தியவுடன் "இங்கே உள்ளேன்" என்று விளக்கைச் சிமிட்டும் வண்டி நன்றியுள்ள பிராணியாகவே தோன்றும். இக்காலத்தில் ஊரை எழுப்பாது உடையவனை மட்டும் எழுப்பும் கருவிகளும் வந்துள்ளன. வண்டி அசைந்தால் அவை கைபேசிக்குச் செய்தி அனுப்பும். வண்டி செல்லும் இடத்தையும் காட்டும். அடுத்தவர் உறக்கத்தை அடகு வைக்காது தன் பொருளைக் காத்தல் அவற்றால் கைகூடும்.

ஆதலின், வாய் படைத்த வண்டிகளை உடைய அன்பர்களை யாம் வேண்டிக்கொள்வன சிலவே. பூனைக்குக் கூவாதவாறு கூர்மையைக் குறைத்து வையுங்கள். எந்த மெக்கானிக்கும் சில நிமிடங்களில் செய்து தருவார். செயினோ டிஸ்க் பூட்டோ இன்றி அலாரத்தை மட்டும் நம்பாதீர்கள். பூட்டில்லாக் கூவல் கள்வனை விரைவுபடுத்துமேயன்றி நிறுத்தாது. நெடுநாள் ஊருக்குச் செல்லுங்கால் பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, வண்டியை விடுதியின் உட்புறம் வைத்துச் செல்லுங்கள். மழைக்காலத்திற்கு முன் ஒயர் இணைப்புக்களைச் சோதியுங்கள். எல்லாவற்றினும் மேலாக, உங்கள் வண்டி கூவினால் நீங்களே முதலில் எழுந்து வாருங்கள். உடையவனே எழாத கூவலுக்கு ஊரார் எழுதல் எங்ஙனம்?

வண்டியில்லாத எம் போன்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. அக்குரல் கேட்கும்பொழுது புரண்டு படுக்குமுன் ஒருமுறை சன்னலைத் திறந்து பார்த்தல் அது. ஆயிரம் முறை பூனையே நின்றாலும் நட்டம் சிறிது உறக்கமே. ஒருமுறை பூனையல்லாத ஒன்று நிற்குமாயின், ஒரு பெண்குழந்தை பள்ளிக்கு நடந்து செல்ல வேண்டிய ஒன்பது மாதங்களை நாம் தடுத்தவராவோம்.